வெளியிடப்படாத அட்டவணைகள்: உளநோய் மரபியலின் ஒரு பழைய கணக்கு

நாஜி ஜெர்மனியின் உளமருத்துவ மரபியலைப் பற்றி நம் கருத்தரங்குகளில் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு சொல் தவறாமல் வந்துவிடுகிறது: போலி அறிவியல். அது ஆறுதல் தரும் சொல். நடந்தது போலி என்று தள்ளிவிட்டால் மெய்யான அறிவியல் கறைபடாமல் நம் கையில் எஞ்சிவிடும். இனி முறையாக ஆய்வு செய்தால் போதும் என்ற நம்பிக்கையோடு வீடு திரும்பலாம். அந்த ஆறுதலுக்கு வரலாற்றில் ஆதாரம் குறைவு என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு. 1916 இல் மியூனிக்கில் போடப்பட்ட கணக்கு, அக்காலத்தில் உளநோய் மரபு குறித்துப் போடப்பட்டவற்றுள் மிகத் தேர்ந்த கணக்கு. அது தந்த விடையும் பெருமளவு சரியானது. 1933 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விடையை மீறிப் பிறந்தது.

கணக்கைப் போட்டவர் எர்ன்ஸ்ட் ரூடின். 1874 இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலனில் பிறந்தவர். எமில் கிரெப்லினிடம் பணியாற்றிய உளமருத்துவர். ‘இனத் தூய்மை’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லை 1895 இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஆல்ஃபிரெட் பிளோட்ஸ், ரூடினின் தமக்கையை மணந்தவர். இருவரும் சேர்ந்து 1905 இல் இனத் தூய்மைக் கழகத்தை நிறுவினர். இவற்றையெல்லாம்விட ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். பிரேமன் நகரில் 1903 இல் கூடிய மதுவெதிர்ப்பு மாநாட்டில், குணப்படுத்த இயலாத குடிநோயாளிகளுக்குக் கருத்தடை அறுவை செய்யவேண்டும் என்று ரூடின் முன்மொழிந்தார்; அவை அதை ஏற்கவில்லை. அதாவது, முடிவு 1903 லேயே இருந்தது. தரவு வந்தது பதின்மூன்று ஆண்டுகள் கழித்து.

இனி அந்தத் தரவு. மனச்சிதைவு நோய்க்கு அன்று வழங்கிய பெயர் ‘இளமை மூளைத்தளர்ச்சி’ என்ற பொருளுடைய ஓர் இலத்தீனத் தொடர். அது குடும்பங்களில் தொடர்ந்து வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே கவனித்திருந்தனர். ஆனால் கவனிப்பதும் கணக்கிடுவதும் ஒன்றல்ல. மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து குடும்பங்களைத் திரட்டினால் ஒரு பிழை தானாக நுழைந்துவிடுகிறது. நோய் வரக்கூடிய பெற்றோருக்குப் பிறந்தும் ஒரு பிள்ளைக்கும் நோய் வராத குடும்பம் மருத்துவமனையின் வாயிலை மிதிப்பதே இல்லை. ஆகவே அது கணக்கிலும் ஏறுவதில்லை. குறைந்தது ஒரு நோயாளியையேனும் உடைய குடும்பங்களை மட்டும் எண்ணினால் நோயின் வீதம் ஊதிப் பெருத்துத் தெரியும். இதைத் தீர்க்கும் வழியைக் கண்டவர் வில்ஹெல்ம் வைன்பெர்க். மரபியல் மாணவர்கள் அனைவரும் அறிந்த ஹார்டி-வைன்பெர்க் விதியின் வைன்பெர்க். ஸ்டுட்கார்ட்டில் ஏழைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மருத்துவம் பார்த்துக்கொண்டே புள்ளியியல் செய்தவர். அவர் சொன்ன வழி எளியது. யார் வாயிலாகக் குடும்பம் நம் கண்ணில் பட்டதோ அந்த முதல் நோயாளியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, உடன்பிறந்தாரை மட்டும் எண்ணவேண்டும். இன்னொரு திருத்தமும் உண்டு. உடன்பிறந்தவர் இன்று பதினைந்து வயதுச் சிறுவர் என்றால் அவர் நோயற்றவர் என்று எழுதிவிட முடியாது. நோய் வரும் வயதை அவர் இன்னும் கடக்கவில்லை. அத்தகையோரை முழு எண்ணாகக் கொள்ளாமல் குறைத்து எண்ணவேண்டும்.

ரூடின் இவ்விரு திருத்தங்களையும் பல நூறு குடும்பங்களின் மீது பொறுமையாகச் செலுத்தினார். பெற்றோர் இருவருக்கும் இந்நோய் இல்லாத குடும்பங்களில் உடன்பிறந்தாருக்கு நோய் வரும் வாய்ப்பு 4.48 விழுக்காடு. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 6.18 விழுக்காடு. இன்றைய பெரிய ஆய்வுகள் தரும் எண்களிலிருந்து இவை வெகுதொலைவில் இல்லை. பொது மக்களிடையே ஏறத்தாழ ஒரு விழுக்காடாக இருக்கும் வாய்ப்பு, உடன்பிறந்தாரிடையே பல மடங்கு கூடுகிறது என்னும் அடிப்படைச் செய்தியை அவர் சரியாகவே பிடித்திருந்தார்.

ஆனால் அவர் எதிர்பார்த்துச் சென்றது வேறு. மெண்டலின் விதிகள் 1900 இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட காலம் அது. ஒடுங்குபண்புடைய ஒற்றை மரபணுவே காரணம் என்றால், நோயற்ற பெற்றோரின் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு, அதாவது 25 விழுக்காட்டினருக்கு, நோய் வந்திருக்கவேண்டும். வந்ததோ ஐந்துக்கும் கீழ். இரண்டு ஒடுங்கு மரபணுக்கள் ஒருங்கே சேரவேண்டும் என்று வைத்துக்கொண்டால் பதினாறில் ஒன்று, 6.25 விழுக்காடு என்று வரும். ஏறக்குறையப் பொருந்துகிறது என்று ரூடின் அதைப் பற்றிக்கொள்ள முயன்றார். தம் எண்கள் அதை உறுதிப்படுத்தவில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார். 1916 ஆம் ஆண்டு நூலில் இந்தத் தயக்கம் தெரிகிறது. அந்நூலை ஒரு நேர்மையான நூல் என்று சொல்ல எனக்குத் தடையில்லை.

அடுத்து நிகழ்ந்ததுதான் இவ்வரலாற்றின் திருப்பம். கிரெப்லின் 1917 இல் மியூனிக்கில் நிறுவிய உளமருத்துவ ஆய்வு நிறுவனத்தில் குடும்பமரபுத் துறை ரூடினிடம் ஒப்படைக்கப்பட்டது. 1922 முதல் 1925 வரை அவர் எழுச்சி-சோர்வு மனநோயின் மரபை, நாம் இன்று இருமுனையப் பிறழ்வு என்று சொல்வதற்கு நெருங்கியதை, அதே முறையில் ஆராய்ந்தார். அட்டவணைகள் நிரம்பின. மெண்டலின் எளிய விகிதங்கள் மீண்டும் கிட்டவில்லை. கையெழுத்துப்படி அச்சேறாமலே நின்றுவிட்டது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2015 இல், ஆய்வாளர்கள் சிலர் அதை ஆவணக்காப்பகத்திலிருந்து எடுத்து ஆராய்ந்து எழுதினர். கண்டறிந்ததைக் கொள்கைக்குக் கீழ்ப்படுத்திவிட்டார் என்பது அவர்கள் தீர்ப்பு. எண்களை அவர் திருத்தவில்லை. பொய்யான எண்களைப் புனையவும் இல்லை. வெளியிடாமல் விட்டார்; மேடைகளில் மட்டும் மரபு உறுதிப்பட்டுவிட்டதைப் போலப் பேசினார். ஆய்வு நெறிமுறை வகுப்புகளில் தரவுப் புனைவைப் பற்றி நிறையக் கற்பிக்கிறோம். மேசை இழுப்பறையில் உறங்கும் அட்டவணையைப் பற்றிக் குறைவாகவே கற்பிக்கிறோம்.

மரபின் விதி பிடிபடாதபோது அவர் ஒரு மாற்று வழியை முன்வைத்தார்: விதி தெரியவேண்டியதில்லை, எண்ணிக்கை போதும். எந்த உறவினருக்கு எத்தனை விழுக்காடு என்று எண்ணி அட்டவணையிட்டால் அதுவே நடவடிக்கைக்குப் போதிய ஆதாரம். இதற்கு ‘அனுபவவழி மரபுக்கணிப்பு’ என்று பெயர். இந்த முறையில் அடிப்படைத் தவறு எதுவும் இல்லை என்பதே சங்கடம். இன்று மரபியல் ஆலோசகர் ஒருவர், “உங்கள் அண்ணனுக்கு இந்நோய் இருப்பதால் உங்களுக்கு வரும் வாய்ப்பு இவ்வளவு” என்று சொல்லும்போது கையாளுவது இதே முறையைத்தான். வேறுபாடு, அந்த எண் யார் கைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது.

1933 ஜூலை 14 அன்று ‘மரபுநோயுள்ள சந்ததியைத் தடுக்கும் சட்டம்’ இயற்றப்பட்டது. 1934 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பிறவி மந்தபுத்தி, மனச்சிதைவு, எழுச்சி-சோர்வு மனநோய், மரபுவழி வலிப்பு, ஹன்டிங்டன் நோய், மரபுவழிக் குருடு, செவிடு, கடும் உடற்குறை ஆகியவை பட்டியலில் இடம்பெற்றன. கடும் குடிநோயும் சேர்க்கப்பட்டது. பிரேமனில் தோற்ற முன்மொழிவு முப்பது ஆண்டுகளில் சட்டமாகிவிட்டது. ஒரு நீதிபதியும் இரு மருத்துவர்களும் அமர்ந்த ‘மரபுநல நீதிமன்றங்கள்’ தீர்ப்பு வழங்கின. சட்டத்துக்கான அதிகாரப்பூர்வ உரைநூலை எழுதிய மூவருள் ஒருவர் ரூடின். பட்டியலில் எழுச்சி-சோர்வு மனநோயைப் பார்க்கும்போது, அவருடைய அச்சேறாத கையெழுத்துப்படி நினைவுக்கு வராமல் இருக்காது. இச்சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. பாதிக்கு மேற்பட்டோர் மந்தபுத்தி என்ற தலைப்பிலும், அடுத்த பெருந்தொகுதியினர் மனச்சிதைவு என்ற தலைப்பிலும் கொண்டுவரப்பட்டனர். அறுவையினாலேயே ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

அரசு தன் வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கணக்கு உதவவில்லை என்பதைப் பார்க்கவேண்டும். மனச்சிதைவை ஒற்றை ஒடுங்கு மரபணு நோய் என்றே கொள்வோம். நூறில் ஒருவருக்கு நோய் என்றும் கொள்வோம். வைன்பெர்க்கின் விதிப்படி அம்மரபணுவின் அலைவெண் பத்தில் ஒன்று. நோயுற்றோர் ஒருவர் விடாமல் பிள்ளை பெறாதபடி தடுத்தாலும், நோயை நூறில் ஒன்றிலிருந்து பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைக்கத் தொண்ணூறு தலைமுறைகள் ஆகும். தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டுகள் என்றால் 2250 ஆண்டுகள். நமக்கு விளங்கும்படிச் சொன்னால், சங்க காலத்தில் தொடங்கியிருந்தால் இப்போதுதான் முடிந்திருக்கும். நோயற்ற தாங்கிகளிடத்தில் மரபணு ஒளிந்திருப்பதே காரணம். இதற்கு உயர்கணிதம் தேவையில்லை. தமக்கு முறை வகுத்துக் கொடுத்தவரின் பெயராலேயே வழங்கும் விதி இது. ரூடினுக்கு இது தெரியாதிருக்க வழியில்லை.

1940 ஜனவரிக்கும் 1941 ஆகஸ்டுக்கும் இடையே, கிராஃபெனெக், ஹடமார், ஹார்ட்ஹைம் உள்ளிட்ட ஆறு இடங்களில் அமைக்கப்பட்ட நச்சுவாயு அறைகளில் 70,273 நோயாளிகள் கொல்லப்பட்டனர். இந்த எண்ணை எழுதிவைத்தவர்கள் கொலையாளிகளே. மிச்சமான உணவின் விலையையும் உடன் கணக்கிட்டிருந்தனர். அதன்பின் பட்டினியாலும் மருந்தாலும் நிகழ்ந்த கொலைகளைச் சேர்த்தால் தொகை 2 லட்சத்தைத் தாண்டுகிறது. மனச்சிதைவு நோயாளிகளை மட்டும் எண்ணி, 2,20,000 முதல் 2,69,500 பேர்வரை கருத்தடைக்கோ கொலைக்கோ ஆளாயினர் என்று டாரியும் யோல்கனும் 2010 இல் மதிப்பிட்டனர். மனித வரலாற்றில் ஒரு நோயை மரபுவழியே ஒழிக்க நடந்த மிகப் பெரிய, மிகக் கொடிய முயற்சி இது. விளைவு என்ன? போருக்குப் பின் ஜெர்மனியில் நோயோடு வாழ்வோர் தொகை இயல்பாகவே குறைந்திருந்தது; அவர்கள்தாம் கொல்லப்பட்டுவிட்டார்களே. புதிதாக நோயுறுவோரின் வீதம் குறையவில்லை. 1965 ஆம் ஆண்டுக்கான மன்ஹைம் நகரக் கணக்கில் அது உயர்வாகவே காணப்பட்டது.

ரூடின் 1952 வரை வாழ்ந்தார். போருக்குப் பிந்தைய விசாரணையில் ‘உடன்போனவர்’ என்ற இலேசான வகையில் சேர்க்கப்பட்டார். அவருடைய முறை கடல் கடந்தது. அவரிடம் பயின்ற ஃபிரான்ஸ் கால்மன் யூத வழியினர் என்பதால் 1936 இல் ஜெர்மனியை விட்டு நியூயார்க் சென்றார். அதற்கு முந்தைய ஆண்டு பெர்லினில் நடந்த மக்கள்தொகை மாநாட்டில், நோயாளிகளின் நோயற்ற உறவினரிடையே தாங்கிகளை இனங்கண்டு அவர்களையும் கருத்தடைக்கு உட்படுத்தவேண்டும் என்று பேசியவர் அவர். பாதிக்கப்பட்டவரே கொள்கையாளராகவும் இருக்கமுடியும் என்பதை எந்த வகைப்பாட்டில் வைப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் 1946 இல் வெளியிட்ட 691 இரட்டையர் இணைகளின் ஆய்வு, ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வரும் வீதம் 85.8 விழுக்காடு என்றது. அந்த எண் பல பத்தாண்டுகள் பாடநூல்களை ஆண்டது. லண்டனில் கோட்ஸ்மனும் ஷீல்ட்ஸும் 1966 இல் வெளியிட்ட சிறிய, ஆனால் முறை தவறாத ஆய்வில் அது 24 இணைகளில் 10, அதாவது 42 விழுக்காடு என்று இறங்கியது. முழு மரபணுத்தொகுதியும் ஒன்றாக இருந்தும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் வரவில்லை. மரபு மெய், மரபே விதி என்பது மெய்யன்று.

மரபு மெய் என்பதற்கு வலுவான சான்றும் அதே 1966 இல் வந்தது. மனச்சிதைவுள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்ந்த 47 பேரை அமெரிக்காவில் ஹெஸ்டன் தேடிக் கண்டார், ஐவருக்கு நோய். ஒப்பீட்டுக்கு எடுத்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. தாயின் வளர்ப்பே நோயைத் தருகிறது என்று அன்றைய உளப்பகுப்பாய்வாளர்கள் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்த காலம் அது. மரபியல் ஒரு முறை பழியைச் சுமத்தியது போலவே, இங்கே ஒரு பழியை இறக்கியும் வைத்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை ஒருபக்கமாகிவிடும்.

கோட்ஸ்மனும் ஷீல்ட்ஸும் 1967 இல் ஒரு கருதுகோளை வைத்தனர்: காரணம் ஒன்றோ இரண்டோ அல்ல, சிறு விளைவுடைய ஏராளமான மரபணுக்கள். ரூடினின் அட்டவணைகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்ததை ஒருவழியாகக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் இவர்கள். ஆனாலும் ஒற்றை மரபணுவின் கவர்ச்சி எளிதில் விடவில்லை. அமெரிக்காவின் ஆமிஷ் குடும்பங்களில் எழுச்சி-சோர்வு நோயின் மரபணுவைப் பதினொன்றாம் குரோமோசோமில் கண்டதாக 1987 இல் அறிவிப்பு வந்தது. குடும்பத்தில் ஓரிருவர் புதிதாக நோயுற்றதும், உறவுவட்டம் விரிந்ததும் 1989 இல் அச்சான்று கரைந்தது. மனச்சிதைவுக்கு ஐந்தாம் குரோமோசோம் என்ற 1988 ஆம் ஆண்டு அறிவிப்பும் அவ்வாறே. பின்னர் ‘மனச்சோர்வு மரபணுக்கள்’ என்று புகழ்பெற்ற பதினெட்டைப் பெருந்தரவில் வைத்து 2019 இல் சோதித்தபோது, தற்செயலாகத் தேர்ந்தெடுத்த மரபணுக்களைவிட அவை எவ்வகையிலும் மேலாக இல்லை.

பெருங்கூட்டாய்வுகள் 2009 முதல் வேறு நிலையைக் காட்டின. மனச்சிதைவோடு தொடர்புடைய மரபணுத்தொகுதி இடங்கள் 2014 இல் 108; எழுபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை உள்ளடக்கிய 2022 ஆம் ஆண்டு ஆய்வில் 287. பெரும்பாலான இடங்களில் ஒருவரது வாய்ப்பு கூடுவது மிகச் சிறிதளவே. எல்லாவற்றையும் கூட்டிச் செய்யும் பல்மரபணு மதிப்பெண், நோய்க்கு ஆளாகும் தன்மையின் வேறுபாட்டில் ஏழு விழுக்காட்டளவே விளக்குகிறது. விதிவிலக்குகள் உண்டு, இருபத்திரண்டாம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப் பிறப்போரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. ஆனால் அத்தகையோர் நோயாளிகளில் மிகச் சிலர்.

இதைக் காட்டி, “இனி அந்த ஆபத்து இல்லை, இவ்வகை மாறுபாடுகள் நம் எல்லோரிடமும் உள்ளனவே” என்று சொல்லும் சகாக்கள் எனக்கு உண்டு. என்னால் அவ்வளவு எளிதில் இசைய முடியவில்லை. எல்லோரும் தாங்கிகள் என்பது தடையாகவும் அமையலாம், விரிவாகவும் அமையலாம். கால்மன் 1935 இல் அதை விரிவாகவே படித்தார்: நோயாளியோடு ஏன் நிறுத்தவேண்டும், உறவினரையும் சேர்ப்போம் என்றார். இன்று அமெரிக்காவில், செயற்கைக் கருத்தரிப்பில் உருவாகும் கருக்களுக்கு மனச்சிதைவு மதிப்பெண் இட்டுத்தரும் நிறுவனங்கள் வெளிப்படையாக விலை சொல்கின்றன. வற்புறுத்தும் அரசு அங்கே இல்லை. அது பெரிய வேறுபாடு. விளக்க வலிமை குறைந்த எண்ணைக் கொண்டு மீளமுடியாத முடிவை எடுப்பது என்ற கூறு மட்டும் பழையது.

நம் நாட்டுக்கு இதில் இரு தொடர்புகள் உண்டு. முதலாவது அறிவியல் சார்ந்தது. இம்மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரின் தரவில் கட்டப்பட்டவை. பிற மக்களிடம் அவற்றின் துல்லியம் குறைகிறது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984 இல் தொடங்கிய மனச்சிதைவு நோய் ஆய்வு அறக்கட்டளையும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இணைந்து 2019 இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர்களிடையே எட்டாம் குரோமோசோமில், நியாசின் வளர்சிதை மாற்றத்தோடு தொடர்புடைய ஓர் இடத்தைச் சுட்டியது. இத்தகைய ஆய்வுகள் பெருகவேண்டும், ஐயமில்லை.

இரண்டாவது சட்டம் சார்ந்தது. 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை செய்வதைத் தடைசெய்கிறது. கருக்களின் மரபணுச் சோதனையை, அறியப்பட்ட மரபுநோய்களுக்கு மட்டும் என்று 2021 ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் வரையறுக்கிறது. இரட்டையர் ஆய்வுகளில் எண்பது விழுக்காடு மரபுத்தன்மை பெறும் மனச்சிதைவு அச்சொல்லுக்குள் அடங்குமா என்பது இனி நீதிமன்றம் ஏறக்கூடிய கேள்வி. 1955 ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவோ, 1976 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், திருமணத்துக்கும் ‘பிள்ளைப்பேற்றுக்கும்’ தகுதியற்றவராக்கும் வகையிலோ அளவிலோ மனநோய் இருத்தலாகாது என்று நிபந்தனையிடுகிறது. இதே பிரிவில் இருந்த வலிப்பு 1999 இல் நீக்கப்பட்டது. பிள்ளைப்பேறு என்ற சொல் நீக்கப்படவில்லை. எந்த விழுக்காட்டுக்கு மேல் போனால் ஒருவர் பிள்ளைப்பேற்றுக்குத் தகுதியற்றவராகிறார் என்று அச்சட்டம் சொல்லவில்லை. நீதிமன்றங்கள் அதை எவ்வாறு பொருள்கொண்டு வந்திருக்கின்றன என்பது நம் சட்டத்துறை மாணவர் ஒருவரின் முனைவர் பட்டத்துக்கு உரிய பொருள். யாரேனும் எடுத்துக்கொண்டால் மியூனிக் பகுதிக்கான வாசிப்பில் நான் துணை நிற்பேன்.